யாரைத் தேடி வருகிறது சட்டம்?

எங்களில் பெரும்பாலானவர்கள் முதலாவது பேஸ்புக் கணக்கைத் திறந்தது போர் முடிந்து இரண்டு மூன்று வருடங்களுக்குப் பிறகுதான். ரியூசன் முடிந்து வரும் வழியில் இருந்த நெற் கபேயில் அரை மணித்தியாலத்துக்குக் காசு கொடுத்து, வயதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் திறந்த கணக்குகள் அவை. இணையம் எங்களுக்குக் கதைக்கிற இடமாக, பகிடி விடுகிற இடமாகத்தான் வந்து சேர்ந்தது. அங்கே எழுதுகிற ஒரு வரிக்கு ஒரு வழக்கிலக்கம் கிடைக்கலாம் என்று அப்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

இப்போது அதைச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. எழுதி முடித்த பதிவைப் போடாமல் வைத்திருப்பது, போட்டதை ஒரு மணித்தியாலத்துக்குள் அழிப்பது, எல்லோரும் பார்க்கலாம் என்று இருந்ததை நண்பர்கள் மட்டும் என்று மாற்றுவது எல்லாம் கைப்பழக்கமாகிவிட்டது. "உதை ஏன் போட்டனி? தேவையில்லாத பிரச்சினை, உடன எடு" என்று சொல்லாத தாய் தகப்பன் எங்கட பக்கத்தில் குறைவு. அவர்கள் சட்டம் படித்துவிட்டுச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. இணையத்தைப் பற்றிய சட்டங்கள் யாரைத் தேடி வருகின்றன, யார் தேடிப் போனால் கதவைத் திறப்பதில்லை என்று எங்களுக்குள் பல நாட்கள் கதைத்திருக்கிறோம். அந்தக் கதைகளின் தொகுப்புத்தான் இது.

நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். 2023 செப்ரெம்பரில் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. அதற்கு எதிராக நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பல வாசகங்களைத் திருத்தினால் மட்டுமே சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றலாம் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 பேர் ஆதரவாகவும் 62 பேர் எதிராகவும் வாக்களிக்கச் சட்டமூலம் நிறைவேறியது. பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டார். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சி சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. அது மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. அதன் பின்னர் ஆட்சி மாறியது, சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சும் வந்தது. அதற்குள் சட்டம் சட்டமாகிவிட்டது.

இந்தச் சட்டத்தின்படி ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று உண்டு. தேசிய பாதுகாப்புக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலான பொய்க் கூற்றை, அல்லது மக்கள் பிரிவினருக்கிடையில் பகையை வளர்க்கும் பொய்க் கூற்றை இணையத்தில் பரப்பினால் ஐந்து வருடம் வரை சிறை. ஆணைக்குழு அறிவித்தால் 24 மணித்தியாலத்துக்குள் அதை நிறுத்த வேண்டும். பொய் என்றால் என்ன என்பதற்கும் வரைவிலக்கணம் இருக்கிறது. சொல்பவருக்கே அது உண்மையில்லை என்று தெரிந்திருக்க வேண்டும், ஏமாற்றும் நோக்கம் இருக்க வேண்டும், நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து அதற்குள் அடங்காது. வாசிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாங்கள் எழுதுகிற விடயங்களை இந்த வரைவிலக்கணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முள்ளிவாய்க்காலில் எத்தனை பேர் செத்தார்கள்? ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. அன்றைய அரசு பொதுமக்கள் இழப்பு பூச்சியமாக இருக்க வேண்டும் என்ற கொள்கையோடே போரிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று நாங்கள் ஒரு எண்ணை எழுதினால் அது உண்மையா, பொய்யா, பகையை வளர்ப்பதா? கடைசியில் ஒரு நீதிபதி சரியாகத் தீர்க்கக்கூடும். கடைசிக்கு முன்னால் நிறைய நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களை எங்கே கழிப்பது என்பதுதான் எங்கட வீடுகளில் இருக்கிற பயம்.

அந்த நாட்கள் எப்படிக் கழியும் என்பதற்குப் பழைய சட்டங்களே சாட்சி. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நாட்டுக்குள் கொண்டுவந்த சட்டம். பேரைக் கேட்டால் மனித உரிமைச் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு, இன மத வெறுப்பைப் பரப்பி வன்முறையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. சிறுபான்மையினரைப் பாதுகாக்கவென்று உலகமெங்கும் எழுதப்படுகிற வகையான பிரிவு அது. தண்டனை பத்து வருடம் வரை போகலாம். நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும்.

அந்தப் பிரிவில் யார் அகப்பட்டார்கள்? சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதானார். பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதை பௌத்தத்தை அவமதிக்கிறது என்பது முறைப்பாடு. நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். 2021 பெப்ரவரியில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ரம்ஸி ராசிக் 2020 ஏப்ரலில் கைதானார். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக்குப் பேனாவாலும் விசைப்பலகையாலும் பதில் சொல்ல வேண்டும், அது சிந்தனைப் போராட்டம் என்று எழுதியிருந்தார். அதில் ஜிஹாத் என்ற ஒரு சொல் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் பிணை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, அரசு 10 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. வெறுப்பைப் பற்றி எழுதியவர் வெறுப்பைத் தடுக்கும் சட்டத்தில் அகப்பட்டார்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். காரணமாகக் காட்டப்பட்டது 'நவரசம்' என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு. அது அச்சுப் புத்தகம், இணையப் பதிவு இல்லை. ஆனாலும் இங்கே சொல்கிறோம், ஏனென்றால் எங்கட மொழியில் எழுதியதை அந்த மொழி தெரியாத கண்கள் சந்தேகத்தோடு வாசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. அந்தக் கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்று தமிழில் வாசித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒவ்வொரு நவம்பரிலும் வடக்கு கிழக்கில் பேஸ்புக்கில் ஒரு படத்தைப் பகிர்ந்ததற்காக யாரோ ஒரு பெடியனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், கைது செய்தார்கள் என்று செய்தி வருகிறது. பேச்சுக்கும் பயங்கரவாதத்துக்கும் நடுவில் கோடு கீற வேண்டிய சட்டம் 1979 இல் எழுதப்பட்டது. அப்போது இந்த நாட்டில் இணையமே இல்லை.

இந்தக் காரணங்களால் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வந்தபோது நாங்கள் அதற்கு எதிராகத்தான் நின்றோம். அந்த நாட்களில் நடந்த ஒரு கலந்துரையாடலில் எங்கட தோழி ஒருத்தி கேட்டாள்: "நீங்கள் எல்லாரும் சட்டம் வேண்டாம் எண்டு சொல்லுறியள். சரி. என்ர படத்தை எடுத்துப் போட்டவனுக்கு என்ன? நான் எங்க போறது?"

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அவள் கேட்டது சும்மா ஒரு வாதத்துக்காக இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பு அவளுடைய பெயரில் ஒரு போலிக் கணக்கு வந்தது. அவள் தன் பக்கத்தில் போட்டிருந்த சாதாரண படங்களின் முகத்தை வெட்டி, வேறு உடம்புகளோடு ஒட்டி, தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். முதல் நாள் இரவு மட்டும் நாற்பது அழைப்புகள். அவள் சிம்மை மாற்றினாள், வேலைக்கு இரண்டு கிழமை போகவில்லை. தமையன் போனைப் பறித்து வைத்துக்கொண்டான். குற்றம் செய்தவனுடைய போன் அவனிடமே இருந்தது.

நாங்கள் மூன்று பேர் அவளோடு பொலிசுக்குப் போனோம். "தங்கச்சி, நீங்கள் படம் போடாமல் இருந்திருக்கலாம்தானே" என்றுதான் கதை தொடங்கியது. முறைப்பாட்டை எழுதியவர் சிங்களத்தில் எழுதினார். அவள் தமிழில் சொல்ல, பக்கத்தில் நின்ற இன்னொருவர் அரைகுறையாக மொழிபெயர்க்க, பேனா ஓடிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டு, கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். எங்களில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள். 'காதல் தொடர்பால் ஏற்பட்ட தகராறு' என்று எழுதியிருந்தது. இவளுக்கோ அந்தக் கணக்குக்குப் பின்னால் இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. அதைத் திருத்தி எழுதச் சொல்லிக் கேட்டு, காத்திருந்து, திரும்பக் கேட்டு, ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. அந்த மேசையில் அந்த அத்தியாயம் இருக்கவில்லை. முறைப்பாட்டு இலக்கம் ஒன்று கிடைத்தது. அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை.

அந்தத் தளத்துக்கும் அறிவித்தோம். 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்று தானாக ஒரு பதில் வந்தது. படத்துக்குக் கீழே இருந்த கொமன்றுகள் எல்லாம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில், ஆங்கில எழுத்தில் எழுதிய தூசணம். அதை வாசித்து விளங்குகிற ஆளோ இயந்திரமோ அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் மாறி மாறி ரிப்போர்ட் பண்ணி, பதினோராம் நாள்தான் கணக்குப் போனது.

இதற்கு அப்போது என்ன சட்டம் இருந்தது என்று பிறகு தேடி வாசித்தோம். 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதைப் பற்றியே முக்கியமாகப் பேசுகிறது. ஆனால் இங்கே ஒருவரும் எதற்குள்ளும் நுழையவில்லை. படங்கள் அவளே போட்டவை. ஒரு பெண் நம்பி அனுப்பிய படத்தை வாங்கினவன் பரப்பினாலும் கதை இதுதான், அவனுடைய போனுக்கு அது அவளுடைய அனுமதியோடுதான் வந்தது. அடுத்தது 1927 ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தில், புத்தகத்தையும் படத்தையும் மனதில் வைத்து எழுதியது. அது கேட்கிற கேள்வி, படம் ஆபாசமானதா என்பது. படத்தில் இருப்பவள் சம்மதித்தாளா என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாத சட்டத்தின் முன்னால் போய் நிற்கிற பெண், தன்னுடைய படம் எவ்வளவு மோசமானது என்று தானே நிரூபிக்க வேண்டி வருகிறது.

2024 இன் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டோம். ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு அவருடைய தனிப்பட்ட தகவல்களைப் பரப்புவது குற்றம். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் குற்றம். பாதிக்கப்பட்டவர் மனுவோடும் சத்தியக்கடதாசியோடும் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் தடை உத்தரவு கேட்கவும் வழி உண்டு. ஆனால் மனு என்றால் சட்டத்தரணி, சட்டத்தரணி என்றால் காசு. காசை விடவும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும். எங்கட தோழிகளில் எத்தனை பேரால் அந்த வழியில் போக முடியும்? பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு என்று சொல்லித்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதே சட்டத்தில் தேசிய பாதுகாப்பையும் பொது ஒழுங்கையும் பொய்க் கூற்றையும் சேர்த்துக் கட்டினார்கள். எதிர்த்தால் "அப்ப பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமோ" என்று கேட்கலாம். தோழியின் கேள்வியை வேறு ஆட்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எங்கட கோபம்.

அவளுக்கு நடந்தபோது முகத்தை வெட்டி ஒட்ட யாரோ மினக்கெட்டு இருந்து செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கு செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று ஒரு நிமிடத்தில் செய்துவிடும், ஒட்டுத் தெரியாது. சம்மதத்தை மையமாக வைத்து எழுதிய சட்டம் என்றால் அதற்கும் பொருந்தும். உண்மைப் படமோ செய்த படமோ, அவள் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். ஆபாசமா இல்லையா, பொய்யா உண்மையா என்று தொடங்குகிற சட்டம் ஒவ்வொரு புதுத் தொழில்நுட்பத்துக்கும் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அரசுக்கு இணையத்தில் வேகமாகச் செயற்படத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுக்க நிறுத்தினார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் நிறுத்தினார்கள். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கத் தயாரானபோது திரும்பவும் நிறுத்தினார்கள். அந்த முறை ஒரு நாள் கூட நிற்கவில்லை. வி.பி.என். இருக்கும்போது இப்படித் தடுப்பதில் பயனில்லை என்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே வி.பி.என். பாவித்துத் தன்னுடைய ட்விட்டரில் எழுதினார். எரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்பது வேறு கதை. வெறுப்பைப் பரப்பிய பதிவுகளைப் பற்றி முதலிலேயே முறையிட்டும் சிங்களம் வாசிக்கத் தெரிந்த போதுமான ஆட்கள் அந்த நிறுவனத்தில் இருக்கவில்லை. 2018 இல் தன்னுடைய தளம் தவறாகப் பயன்பட்டதற்கு 2020 மேயில் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்து சேர இரண்டு வருடம்.

ஆகவே தோழியின் கேள்விக்கு எங்களிடம் இருக்கிற பதில் இதுதான். சட்டம் வேண்டும். ஆனால் ஒடுங்கிய சட்டம் வேண்டும். சம்மதம் இல்லாமல் ஒருவருடைய அந்தரங்கப் படத்தைப் பரப்புவது, செய்வது, பரப்புவேன் என்று வெருட்டுவது, இவற்றுக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம். அதில் தேசிய பாதுகாப்பு என்ற சொல் வரத் தேவையில்லை. முறைப்பாடு செய்பவர் தன்னுடைய மொழியில் எழுதி, தன்னுடைய மொழியில் வாசித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். படத்தை எடுக்க வைக்கும் உத்தரவுக்குச் சட்டத்தரணி தேவைப்படக்கூடாது. வெறுப்புப் பேச்சைத் தடுக்க மூன்றாம் பிரிவு போதும், ஆனால் பிணை கொடுக்கும் அதிகாரம் நீதவானுக்கு வேண்டும், கைது செய்ய முதல் வன்முறைக்கான தூண்டுதல் எங்கே என்று காட்ட வேண்டும். கதைக்கு, கவிதைக்கு, நினைவுகூரலுக்கு விலங்கு மாட்டிவிட்டுப் பிறகு விளக்கம் தேடுவது நிற்க வேண்டும்.

அது வரும்வரை என்ன செய்யிறது என்று கேட்பவர்களுக்கு, நாங்கள் செய்து பழகியதைச் சொல்கிறோம். முதலில் அழிக்க வேண்டாம், அழிக்கவும் சொல்ல வேண்டாம். கணக்கின் இணைப்பு, திகதி, நேரம் தெரிய ஸ்கிரீன் ஷொட் எடுத்து நம்பிக்கையான இரண்டாவது ஆளிடமும் கொடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு தளத்துக்கு அறிவியுங்கள். ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவசச் சேவை, படத்தை உங்கள் போனிலேயே வைத்துக்கொண்டு அதற்கு ஒரு எண் அடையாளம் மட்டும் உருவாக்கி, இணைந்திருக்கும் தளங்களுக்கு அனுப்புகிறது. படம் உங்கள் கையை விட்டுப் போகாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகள் என்றால் 1929. பொலிசுக்குத் தனியப் போக வேண்டாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எழுதியதை வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம்.

சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டால் நாங்கள் எங்கட கருத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கப் போகிறோம். வரைவு தோழியிடம் இருக்கிறது. முதலாவது பந்தி சம்மதம் பற்றியது. அதை அவள்தான் எழுதியிருக்கிறாள். இரண்டாவது பந்தி, கருத்துச் சொன்னதற்காகக் கழிந்த அந்த மாதங்கள் பற்றியது. அதற்கு இன்னும் பெயர்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.